மருந்து ஏதும் இல்லை

என்னைக் கொசு என்று கூப்பிட்டவர் ஒருவர்தான். கிரிவலப் பாதையோரம் இருக்கும் ஒரு சின்னப் பிள்ளையார் கோயிலின் குருக்கள். காலை ஆறரைக்கு வீட்டுக்குள் வந்து, ஒரு குத்து குத்தி, ரத்தத்தை எடுத்துக்கொண்டு போகிறவனுக்கு வேறு என்ன பெயர் வைப்பதாம் என்று கேட்டார். வீடு வீடாகப் போய் ரத்தம் எடுக்கும் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கும் அந்தப் பெயர் பொருந்தும். கோபித்துக்கொள்ளாதீர்கள். கொசுவுக்குக் கிடைக்காத காபி உங்களுக்குக் கிடைக்கும்.

நரம்பை எப்படித் தேடுவது, எந்த மூடி போட்ட குழாயில் எதை நிரப்புவது என்பதெல்லாம் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். நீங்கள் படித்துவிட்டு வந்தவர்கள். நான் எட்டாவதுகூட முழுசாகப் படிக்கவில்லை. அரைப்பரீட்சை லீவில் ஒரு லாரியில் ஏறினேன். அந்த லீவு இன்னும் முடியவில்லை. லாரி கிளீனராக இருந்தேன், மும்பை பக்கம் பிவண்டியில் தறி ஓட்டினேன், திருப்பதியில் ஓர் ஓட்டலில் மாவு ஆட்டினேன். பிறகு ஒரு வெங்காய லாரியில் வந்தபோது அது இந்த ஊர் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் அச்சு முறிந்து நின்றது. எனக்குக் காய்ச்சல். லாரிக்கு அடியிலேயே இரண்டு நாள் படுத்திருந்தேன். அச்சு வாங்கப் போன டிரைவர் மூன்றாம் நாள் வந்து லாரியைச் சரிசெய்து ஓட்டிக்கொண்டு போனார். அடியில் கிடந்தவனை மட்டும் பக்கத்துத் திண்ணைச் சுவரோரம் இழுத்துப் போட்டுவிட்டார். நல்ல மனிதர்தான், லாரியை என்மேல் ஏற்றவில்லை. எதிரே இருந்த லேபில் தரை துடைக்க ஆள் தேவைப்பட்டது. அப்படித்தான் மருத்துவத் துறைக்கு வந்தேன்.

துடைப்பத்திலிருந்து ஊசிக்கு வர எனக்குப் பல வருடம் ஆனது. அதற்கான சான்றிதழ் படிப்பை என்னைத் திட்டித் திட்டி முடிக்க வைத்தவர் எங்கள் லேபின் பொறுப்பாளர். மேடம் என்றுதான் கூப்பிடுவோம். கீழ்பென்னாத்தூர் பக்கம் வேர்க்கடலை போடும் குடும்பம். முதல் பஸ்ஸில் வந்து இறங்குவார். என்னைவிட வயதில் சின்னவர் என்பதால் என்னை 'அண்ணா' என்பார். அவர் 'அண்ணா' என்று ஆரம்பித்தால் அடுத்து வருவது திட்டு என்று லேபுக்கே தெரியும்.

அவர் அடிக்கடி சொல்வது ஒன்றுதான்: "முதல்ல வாய், அப்பறம்தான் ஊசி." கேட்க வேண்டியதைக் கேட்ட பிறகுதான் குத்த வேண்டும். நான் அதற்கு எப்போதும் தலையாட்டினேன். ஒரே ஒரு நாள் அரைகுறையாகக் கேட்டேன். அந்த நாளின் கதை இது.

குருக்களைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். எழுபதைத் தாண்டியவர். அந்தக் கோயிலுக்கு வந்துபோகும் எல்லாக் குடும்பத்தின் கோத்திரமும் நட்சத்திரமும் அவருக்கு மனப்பாடம். யாராவது தேங்காய்த் தட்டை நீட்டினால் கேட்கவே மாட்டார். பேத்தி, மாப்பிள்ளை, அமெரிக்காவில் இருக்கும் கொழுந்தன் வரை வரிசையாகச் சொல்லி அர்ச்சனை செய்வார். எனக்கு அந்தத் தொல்லை இல்லை. என் பிறந்த தேதியே பள்ளிக்கூட வாத்தியார் உத்தேசமாகப் போட்டது. முதல் தடவை நான் தட்டை நீட்டியபோது நட்சத்திரம் கேட்டார். தெரியாது என்றேன்.

"தெரியாட்டா சாமி பேருக்குப் பண்றதுதான் வழக்கம்" என்றார். என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஆனா ஊர் ஊரா அலையறவனுக்கு சொந்தமா ஏதாவது ஒண்ணு வேணுமேடா. இந்தக் கோயிலுக்கு வர்றவாள்ல சதயம் யாருக்கும் இல்லை. காலியா இருக்கு. எடுத்துக்கோ."

அன்றிலிருந்து நான் சதயம்.

ஒரு சித்திரை மாதம். மாமி, அதாவது குருக்களின் மனைவி, லேபுக்குப் போன் செய்தார். குருக்களுக்கு மறதி. ஊரில் உள்ள நரம்பு டாக்டரிடம் காட்டியிருக்கிறார்கள். தைராய்டு உள்பட சில ரத்தப் பரிசோதனைகளை முதலில் எடுத்து வரச் சொல்லியிருக்கிறார். மகன் பெங்களூரிலிருந்து வந்துவிட்டார். காலையில் வீட்டுக்கு வர முடியுமா என்று மாமி கேட்டார்.

போனேன். ரமணாசிரமத்தைத் தாண்டிய ஒரு சந்தில் வீடு. சித்திரை மாதத்தில் இந்த ஊர் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். மலையே அடுப்பில் வைத்த தோசைக்கல் மாதிரி கனன்றுகொண்டிருக்கும். குருக்கள் மின்விசிறியை நிறுத்திவிட்டுக் கம்பளிச் சால்வையைப் போர்த்தி உட்கார்ந்திருந்தார்.

"என்ன சாமி, வீட்டுக்குள்ளயே கொடைக்கானலா?" என்றேன்.

"குளிர்றதுடா கொசு" என்றார். குரல் பானைக்குள்ளிருந்து வருவது போல இருந்தது.

"நேத்திக்குக் கோயில்லேர்ந்து போன் பண்ணி, நைவேத்யம் ஆச்சா இல்லியான்னு என்னைக் கேக்கறார். நான் ஆத்துல இருக்கேன்!" என்றார் மாமி.

"விளக்கை ஏத்திட்டு, ஏத்தலைன்னு நெனச்சு மறுபடியும் தீக்குச்சி கிழிக்கறார். அதான் எனக்கு பயம்" என்றார் மகன். நல்ல பையன். இரண்டு நாளாகத் தூங்காத முகம்.

நான் படிவத்தை எடுத்தேன். "மருந்து ஏதாவது சாப்பிடறீங்களா சாமி?"

மாமி முந்திக்கொண்டார். "அவரா? தலைவலின்னா விபூதி, வயித்துவலின்னாலும் விபூதி."

"அப்பா மாத்திரையே தொட மாட்டார். அதுதான் ப்ராப்ளமே" என்றார் மகன்.

குருக்கள் ஓடாத மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் 'மருந்து: இல்லை' என்று எழுதினேன். குத்தினேன். எடுத்தேன். பஞ்சை வைத்து அழுத்தும்போது அவர் மெல்லக் கேட்டார்:

"உன் நட்சத்திரம் என்னன்னு சொன்னே?"

"நீங்க குடுத்ததுதான் சாமி. சதயம்."

"ஓ" என்றார். எதிரில் இருப்பவர் சங்கடப்படக் கூடாதே என்று தலையாட்டுவோமே, அப்படித் தலையாட்டினார்.

வாழ்க்கையில் எனக்கென்று யாரும் பெரிதாக எதையும் கொடுத்ததில்லை. அதனால் தொலைப்பதற்கும் அதிகம் இருந்ததில்லை. அன்றைக்குச் சைக்கிளை மிதிக்கும்போது மட்டும் எதையோ விட்டுவிட்டு வந்த மாதிரி இருந்தது.

சித்திரை வெயிலில் சால்வை. கட்டையான குரல். எலிவாலாக மெலிந்த குடுமி. மூன்றும் என் கண்ணுக்கு முன்னால்தான் இருந்தன. மூன்றையும் பார்த்தேன். ஒன்றைப் பற்றி ஜோக் அடித்தேன். மற்ற இரண்டைப் பற்றி வழியில் ஜோக் யோசித்துக்கொண்டு வந்தேன்.

ரிப்போர்ட் புதன்கிழமை வந்தது. தைராய்டு நார்மல். மாமி போனில் வரும் ரிப்போர்ட்டை நம்ப மாட்டார் என்பதால் நானே தாளைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். எல்லா வீட்டிலும் நார்மல் என்றால் சாமி படத்துக்கு முன்னால் தாளை வைத்துக் கும்பிடுவார்கள். அந்த வீட்டில் மாமி தாளைக் கையில்கூட வாங்கவில்லை. ஏனென்றால் டாக்டர் ஏற்கனவே சொல்லியிருந்தார்: தைராய்டு குறைவாக இருந்தால் மாத்திரையில் சரியாக வாய்ப்பு உண்டு. அது நார்மல் என்றால் பெரும்பாலும் மூளைத் தேய்வு நோயாகத்தான் இருக்கும், மேற்கொண்டு பார்க்க வேண்டும். எப்படியும் இவரைத் தனியாக நெருப்புப் பக்கம் விடாதீர்கள்.

மகன் முடிவு செய்துவிட்டார். அப்பாவும் அம்மாவும் பெங்களூருக்கு வர வேண்டியது. கோயில் சாவியைச் சித்தப்பா மகனிடம் கொடுத்துவிட வேண்டியது. திங்கட்கிழமை பௌர்ணமி, பாதையில் கார் வர முடியாது. எனவே செவ்வாய் காலை கிளம்புவது.

குருக்கள் இடுப்பில் செருகியிருந்த சாவியைத் தொட்டுப் பார்த்தார். "பெங்களூர்ல பிள்ளையார் இருக்காரோ?"

"தெருவுக்கு நாலு பிள்ளையார் இருக்கார்ப்பா."

"அவாளுக்கெல்லாம் ஆள் இருப்பா. இவருக்கு?"

மகன் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். நான் வரேன் என்று சொல்லிக் கிளம்பினேன். என் வேலை முடிந்துவிட்டது என்று நினைத்தேன்.

வியாழக்கிழமை காலை பக்கத்து லாட்ஜில் ஒரு வெளிநாட்டுக்காரருக்கு ரத்தம் எடுத்துவிட்டு அந்தப் பிள்ளையாரை ஒரு தடவை பார்த்துவிட்டுப் போகலாம் என்று கோயிலுக்குள் நுழைந்தேன். குருக்களின் தம்பி மகன் வெளியே பூக்காரம்மாவிடம் பேசிக்கொண்டிருந்தான். உள்ளே ஆளைக் காணோம். பின்பக்கம் கிணற்றடிக்குப் போனேன். குருக்கள் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றிருந்தார். வேட்டி மடிப்பிலிருந்து ஒரு டப்பாவை எடுத்தார். மூடியைத் திறந்தார். மூன்று மாத்திரைகளை உள்ளங்கையில் கொட்டி, பஞ்சபாத்திரத் தீர்த்தத்தில் ஒரே மடக்காக விழுங்கினார். டப்பாவின் மேல் இடுப்பு வரை கூந்தல் தொங்கும் ஒரு பெண்ணின் படம்.

"சாமி!" என்றேன்.

அவர் குலுங்கிய குலுங்கலில் டப்பா கிணற்றில் விழப் பார்த்தது. நான்தான் பிடித்தேன்.

"மெதுவா பேசுடா பாவி" என்றார். "இது மருந்து இல்லை."

"பின்ன?"

"முடிக்கு. முடிச்சு நிக்க மாட்டேங்கறதுடா. கட்டினா அவுந்து அவுந்து விழறது. தம்பி பிள்ளைக்குப் பாரு, தேங்கா நார் மாதிரி கெடக்கு. குடுமி இல்லாத குருக்களை எவன்டா மதிப்பான்? செங்கம் ரோடுல நம்மளைத் தெரியாத மெடிக்கல்ல, பேத்திக்குன்னு சொல்லி வாங்கினேன்."

"உங்களுக்குப் பேத்தியே இல்லையே சாமி."

"அது மெடிக்கல்காரனுக்குத் தெரியுமா?"

"ஒரு நாளைக்கு ஒண்ணுன்னு போட்டிருக்குது. நீங்க மூணு முழுங்கறீங்க?"

"சீக்கிரம் வளரணும்னு மூணு. காலைல ஒண்ணு, மத்யானம் ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணுன்னு யாருடா ஞாபகம் வெச்சுக்கறது? அதான் குளிச்சதும் மூணையும் போட்டுடறேன்."

"நான் ரத்தம் எடுக்க வந்த அன்னிக்கு?"

"அன்னிக்கும்தான். வெறும் வயித்தோட இருக்கணும்னு சொன்னாளே தவிர, மாத்திரை சாப்பாடு இல்லையே!"

கிணற்றுச் சுவரில் உட்கார்ந்துவிட்டேன்.

லேப் ஃபிரிட்ஜின் கதவில் மேடம் கைப்பட எழுதி ஒட்டிய தாள் ஒன்று உண்டு: 'முடிக்கு, நகத்துக்கு, சருமத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறார்களா? தைராய்டு எடுக்கும் முன் கேட்கவும்.' அதை நான் தினமும் பார்த்தவன். கல்லூரிப் பெண்கள் எல்லாரிடமும் கேட்டிருக்கிறேன். கல்யாணம் நிச்சயமான பெண்களிடம் இரண்டு தடவை கேட்டிருக்கிறேன். எழுபது வயதுக் குருக்களிடம் கேட்கத் தோன்றவில்லை. முடி நிறைய இருப்பவர்களிடம் மட்டும் கேட்டு வந்திருக்கிறேன். முடி இல்லாதவனுக்குத்தானே முடி மாத்திரை வேண்டும்? இது புரிய எனக்கு அத்தனை வருடம் ஆனது.

விஷயம் என்னவென்று எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன். கழுத்தில் இருக்கும் சுரப்பி சோம்பிப்போனால் உடம்பும் மூளையும் சேர்ந்து சோம்பிப்போகும். குளிரும், குரல் கட்டும், முடி கொட்டும், வயதானவர்களுக்கு மறதியும் வரும். மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி என்கிற இன்னொரு சுரப்பி, 'ஏய், வேலை செய்' என்று கழுத்துச் சுரப்பியைப் பார்த்துக் கத்தும். நாம் டிஎஸ்ஹெச் என்று அளப்பது அந்தக் கத்தலைத்தான். முடி மாத்திரையில் இருக்கும் பயோட்டின் என்கிற சத்து ரத்தத்தில் அதிகமாக இருந்தால், சில மெஷின்களின் காதை அது பொத்திவிடும். உள்ளே கத்தல் பலமாக இருக்கும். மெஷினுக்குக் கேட்காது. எல்லாம் அமைதி என்று ரிப்போர்ட் கொடுக்கும்.

குருக்களுக்கு முடி கொட்டியதே அந்தச் சுரப்பியால் இருக்கலாம். கொட்டிய முடிக்கு அவர் சாப்பிட்ட மாத்திரைதான் அந்தச் சுரப்பியை மறைத்திருக்கலாம்.

"சாமி, இதை நான் சொல்லியாகணும்" என்றேன்.

அவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும். "மாமிகிட்ட சொல்லாதே. கைகூப்பிக் கேக்கறேன். நாப்பத்தஞ்சு வருஷமா அவ என்னைக் கிண்டல் பண்ண ஒரு காரணம் தேடிண்டிருக்கா." என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் கற்பூரத் தட்டுக்கு முன்னால் நிறுத்தினார். "சத்தியம் பண்ணு."

இந்த இடத்தில் கவனமாகக் கேளுங்கள். இந்த மாதிரி நேரத்தில் நம் வாய் சட்டென்று 'சரி' என்று சொல்லிவிடும். எதிரில் பெரியவர், முன்னால் நெருப்பு, பின்னால் பிள்ளையார். நான் கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

"மாமிகிட்ட சொல்ல மாட்டேன், சத்தியம். உங்க பையன்கிட்டயும் சொல்ல மாட்டேன். எங்க மேடம்கிட்டயும் டாக்டர்கிட்டயும் சொல்லுவேன். அதுக்கு சத்தியம் பண்ண முடியாது."

"அந்த மேடம் சிரிப்பாளோ?"

"உங்களைப் பார்த்து சிரிக்க மாட்டாங்க சாமி. என்னைத்தான் திட்டுவாங்க."

"அப்ப சரி" என்றார், ரொம்பத் திருப்தியாக. டப்பாவை என்னிடம் கொடுத்தார். திங்கட்கிழமை வரை ஒரு மாத்திரைகூடக் கூடாது என்றேன். "நாலு நாள்ல மிச்சமும் கொட்டிப்போனா?" என்றார். என் தலையைத் தடவிக் காட்டி, "இதுல இருந்து எடுத்து வெச்சுக்குங்க" என்றேன்.

லேபுக்குப் போகும் வழியில் இரண்டு தடவை சைக்கிளை நிறுத்தினேன். நான் கேட்டபோது அவர் வாய் திறக்கவில்லை, நான் என்ன செய்வது என்று சொல்லிவிடலாம். அது பொய்யும் இல்லை. ஆனால் மனைவியும் மகனும் பக்கத்தில் நிற்க, ஓர் ஆண்பிள்ளையிடம் 'மருந்து சாப்பிடறீங்களா' என்று கேட்டது நான்தான். அந்தக் கேள்விக்கு யாரோ இரண்டு பேர் சொன்ன பதிலை எழுதிக்கொண்டதும் நான்தான்.

மேடத்திடம் டப்பாவை மேஜைமேல் வைத்துவிட்டு முழுவதையும் சொன்னேன். திட்டுக்காகக் காத்திருந்தேன். வரவில்லை. அலமாரியிலிருந்து குருக்களின் படிவத்தை எடுத்தார். சிவப்புப் பேனாவை அதன்மேல் வைத்தார்.

"உங்க கையெழுத்துலதான் தப்பு இருக்குது. உங்க கையெழுத்துலயே திருத்துங்க."

'இல்லை' என்பதை அடித்துவிட்டு மாத்திரையின் பெயரை எழுதினேன். ஒரு சொல்லை அடிப்பதற்கு அவ்வளவு நேரம் ஆகும் என்று எனக்குத் தெரியாது. அதற்குப் பிறகுதான் "அண்ணா" என்று ஆரம்பித்தார். அது இங்கே வேண்டாம்.

மெஷினோடு வந்த குறிப்புத்தாளைத் தேடி எடுத்துப் பார்த்தார். டாக்டரைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னார். மாத்திரையை நிறுத்தியே வைத்து, திங்கட்கிழமை மறுபடி எடுக்கச் சொன்னார் டாக்டர். பிறகு மேடம் மகனைக் கூப்பிட்டார்.

"உங்க அப்பாவோட சாம்பிள்ல எங்களுக்கு ஒரு சந்தேகம் இருக்குது சார். திங்கட்கிழமை திரும்ப எடுக்கணும். தப்பு எங்களோடது."

"நார்மல்னுதானே வந்துது மேடம்?"

"நார்மல்னு வந்ததாலதான் சார் சந்தேகமே."

குடுமியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. யாருக்கு எது தெரிய வேண்டுமோ அது மட்டும் போனது. அந்தப் பெண்மணியிடம் நான் கற்றதிலேயே பெரியது அந்த இரண்டு நிமிடப் போன் பேச்சுதான்.

அந்த நான்கு நாளும் தினமும் கோயில் வழியாகப் போனேன். பார்த்ததும் குருக்கள் விரலைக் காட்டுவார். இன்றைக்கு எத்தனை முடி விழுந்தது என்று அர்த்தம். ஞாயிற்றுக்கிழமை ஏழு விரல்.

திங்கட்கிழமை காலை. அந்த மாதம் பௌர்ணமி விடியும்போதே தொடங்கிவிட்டது. ரோடுகளை எல்லாம் அடைத்துவிட்டார்கள். போகும்போது கஷ்டமில்லை. கூட்டத்தோடு கூட்டமாக நடந்தேன், தள்ளிக்கொண்டே போய்ச் சேர்த்துவிட்டார்கள். ரத்தம் எடுத்து ஐஸ் பெட்டியில் வைத்துத் தெருவுக்கு வந்த பிறகுதான் உறைத்தது. கிரிவலம் ஒரே திசையில் போகிறது. லேப் அதற்கு எதிர்த்திசையில் இருக்கிறது. கூட்டத்தோடு போனால் மலையைச் சுற்றிப் பதினோரு கிலோமீட்டர். எதிர்த்துப் போனால் மூன்று. என் முழங்கால் ஏற்கனவே இரண்டு வருடமாக என்னோடு பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்தது. மறுநாள் காலை கார் கிளம்பிவிடும்.

பெட்டியைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு எதிர்த்து நடந்தேன்.

அந்த மூன்று கிலோமீட்டரில் நான் வாங்கிய திட்டுகளை லாரித் தொழிலில்கூட வாங்கியதில்லை. மஞ்சள் புடவை கட்டிய ஓர் அம்மா வழியை மறித்தே நின்றுவிட்டார். "யோவ், உலகமே ஒரு பக்கம் போவுது, நீ எதிர்ல வர்றியே, உனக்கு அறிவு இருக்குதா?"

"அது இருந்திருந்தா இந்த வேலை போன வாரமே முடிஞ்சிருக்கும்மா. கொஞ்சம் வழி விடுங்க."

தடுப்புக் கட்டைக்குப் பக்கத்தில் ஒரு போலீஸ்காரர் கையைப் பிடித்தார். "பொட்டில இன்னா?"

"ரத்தம் சார். டெஸ்ட்டுக்கு."

"யாருது?"

"ஒரு குருக்களுது சார். இன்னிக்கு சாயங்காலத்துக்குள்ள ரிசல்ட் வரலைன்னா அவரை ஊரைவிட்டே கூட்டிட்டுப் போயிடுவாங்க."

அவர் என்னைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார். வாயில் விசிலை வைத்துக்கொண்டு எனக்கு முன்னால் நடக்க ஆரம்பித்தார். தடுப்பு முடியும் வரை விசில் அடித்துக்கொண்டே கூட்டத்தை ஒதுக்கினார். சாமி ஊர்வலத்துக்கு ஒதுங்குவது போல ஜனங்கள் ஒதுங்கினார்கள். என் வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த ஒரே ஊர்வலம் அது.

மேடம் அந்த சாம்பிளை இரண்டு தடவை ஓட்டினார். நான் வாசல் படியில் உட்கார்ந்து முழங்காலைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். மாலை நான்கு மணிக்கு வெளியே வந்தார்.

"ஏறியிருக்குதுண்ணா" என்றார். "எங்கயோ ஏறியிருக்குது. காது கிழியற மாதிரி கத்தியிருக்குது. நமக்குத்தான் கேக்கல."

ஒருவருக்கு உடம்பு சரியில்லை என்ற செய்திக்கு நாங்கள் இரண்டு பேரும் நடு வாசலில் நின்று அப்படிச் சிரித்தோம். எதிர் டீக்கடைக்காரர் என்ன நினைத்தாரோ.

டாக்டர் மகனிடம் பேசினார். தைராய்டு மாத்திரையைக் குறைந்த அளவில் தொடங்குவோம், மாதக்கணக்கில் ஆகும், மறதி முழுவதும் இதனால்தான் என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன், ஆனால் இதைச் சரிசெய்யாமல் வேறு எதையும் தீர்மானிக்கக் கூடாது என்றாராம். கார் கிளம்பவில்லை. தம்பி மகன் சாவியை வாங்கிக்கொள்ளவில்லை. விளக்கு ஏற்றும் நேரத்தில் மட்டும் பெரியப்பாவுக்குப் பக்கத்தில் நின்றான்.

அடுத்த முறை ரத்தம் எடுக்கப் போனபோது மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. எனக்கு அது போதும். பிறகு சால்வை போனது. பிறகு குரல் பானையை விட்டு வெளியே வந்தது. மறதி மட்டும் ஆற அமரத்தான் கிளம்பியது, அதுவும் கொஞ்சம் மிச்சம் வைத்துவிட்டு.

இதற்கு நடுவில் என் கூத்து ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். ஒரு தடவை சரியாகக் கண்டுபிடித்த திமிரில், அதற்கப்புறம் மறதி என்று யார் சொன்னாலும் "தைராய்டா இருக்கும், கவலைப்படாதீங்க" என்று சொல்லித் திரிந்தேன். ரிட்டயர்டு டீச்சர் ஒருவரின் மகளிடமும் சொன்னேன். அந்த டீச்சருக்கு எல்லா ரிப்போர்ட்டும் சரியாகவே வந்தன. முடி மாத்திரையும் இல்லை, எதுவும் இல்லை. அவருக்கு வந்தது அந்த மூளைத் தேய்வு நோயேதான். மகள் என்னிடம் கேட்டார், "அப்பறம் ஏன் அப்படிச் சொன்னீங்க?" அன்று டீச்சர் என் பெயரை ஆறு தடவை கேட்டார். ஆறு தடவையும் சொன்னேன். என்னால் செய்ய முடிந்தது அவ்வளவுதான். நம்பிக்கை சொல்வது டாக்டர் வேலை. சரியாகக் கேட்டு, கேட்டதை எழுதுவதுதான் நம் வேலை.

கார்த்திகை தீபத்துக்கு முன்னால் ஒரு நாள் பிள்ளையார் கோயிலுக்குப் போனேன். நல்ல கூட்டம். தட்டை நீட்டினேன். குருக்கள் என் முகத்தைக்கூடச் சரியாகப் பார்க்கவில்லை. தட்டை வாங்கிக்கொண்டே உள்ளே போனார். நான் காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன்.

"சதய நக்ஷத்ரே ஜாதஸ்ய..." என்று கணீரென்று வந்தது குரல். ஒரு நொடி நிறுத்தினார். "கொசு நாமதேயஸ்ய..."

கூட்டத்தில் ஒரு பையன் களுக்கென்று சிரித்தான். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். கற்பூரப் புகை. விபூதி கொடுக்கும்போது குருக்கள் தலையைச் சற்றே சாய்த்துக் குடுமியைக் காட்டினார். எலிவால் அணில்வாலாகியிருந்தது. முடி மாத்திரை இல்லாமலே.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். போன வாரம் உங்களில் ஒருவர் என் வீட்டுக்கு வந்து ரத்தம் எடுத்தீர்கள். நல்ல கை, வலிக்கவே இல்லை. "மருந்து ஏதாவது சாப்பிடறீங்களா சார்?" என்று கேட்டீர்கள். என் மனைவி காபி டம்ளரோடு பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். "இவரா? ஒரு கஷாயம்கூட குடிக்க மாட்டார்" என்றாள். நான் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நீங்கள் 'இல்லை' என்று எழுதிக்கொண்டீர்கள்.

கொஞ்ச நாளாகத் தெரிந்தவர்களின் பெயர்கள் நாக்கு நுனி வரை வந்து நின்றுவிடுகின்றன. யாரிடமும் சொல்லவில்லை. ஞாபக சக்திக்கு என்று ஒரு டப்பா வாங்கி அரிசி டிரம்முக்குப் பின்னால் வைத்திருக்கிறேன். மேலே ஒரு யானைப் படம். அதில் என்னென்ன கலந்திருக்கிறது என்று நான் படித்துப் பார்க்கவில்லை. ஒரு நாளைக்கு ஒன்று என்று போட்டிருக்கிறது. நான் இரண்டு போடுகிறேன்.

வெள்ளிக்கிழமை காலை திரும்ப வாருங்கள். அவள் பிள்ளையார் கோயிலுக்குப் போயிருப்பாள். டப்பாவை எடுத்து மேஜைமேல் வைத்திருப்பேன். வரும்போது சிவப்புப் பேனா கொண்டு வாருங்கள்.